இஷிகாகி தீவுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் தெற்கு மூலையில் இருக்கும் இஷிகாகிக்குப் போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். கடலைப் பற்றிய பதில்கள் மட்டும் கொஞ்சம் நீளம். அவற்றைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

இஷிகாகி ஒகினாவாவில்தானே இருக்கு? நாஹாவில் இறங்கி பஸ் பிடிச்சுப் போயிடலாமா?

முடியாது. ஒகினாவா என்பது மாகாணத்தின் பெயர். அந்த மாகாணத்தின் பெரிய தீவுக்கும் அதே பெயர் என்பதால்தான் இந்தக் குழப்பம். தலைநகர் நாஹா அந்தப் பெரிய தீவில் இருக்கிறது. இஷிகாகியோ அங்கிருந்து தென்மேற்கே சுமார் 410 கி.மீ. தள்ளி, யாயேயாமா என்ற தீவுக்கூட்டத்தின் நடுவில் இருக்கிறது. தைவானின் தைப்பே நகரம் இதைவிடப் பக்கம், சுமார் 270 கி.மீ.தான்.

போவதற்கு விமானம்தான் வழி. நாஹாவிலிருந்து ஒரு மணி நேரம், டோக்கியோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒசாகாவிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. 2013இல் திறந்த புதிய விமான நிலையம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்கும் படகுத்துறைக்கும் பஸ் ஓடுகிறது.

எந்த மாசம் போனா நல்லது? பிள்ளைகளுக்கு லீவு மே மாசம்தான்.

மே இரண்டாம் வாரம் முதல் ஜூன் மூன்றாம் வாரம் வரை இங்கே மழைக்காலம். நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை, ஆனால் வானம் மூடியிருந்தால் கடலின் அந்த நீலம் வராது. விடுமுறை ஏப்ரல் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது என்றால் அப்போதே போய்விடுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பான் முழுவதற்கும் விடுமுறை வாரம். அறையும் காரும் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறும்.

மழை ஓய்ந்த ஜூன் கடைசியும் ஜூலை முதல் பாதியும் கடலுக்கு மிக நல்ல நாட்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் வரலாம். அக்டோபரில் கூட்டம் குறையும், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று அடிக்கும். 18, 20 டிகிரி என்பது நமக்குக் குளிர்தான். அந்த மாதங்களில் கடலை நம்பிப் போக வேண்டாம்.

கார் எடுத்தே ஆகணுமா? நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

நகரத்தில் தங்கிப் பக்கத்துத் தீவுகளுக்குப் படகில் போய்வருவது மட்டும்தான் திட்டம் என்றால் கார் வேண்டாம். தீவின் வடக்கே போக வேண்டுமானால் கார் இருப்பதே நல்லது. பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளும் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அந்த ஒப்பந்தப்படி ஊரில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு ஜப்பானில் செல்லும். அசல் லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் கூடவே வைத்திருங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதற்கான இருக்கை சட்டப்படி கட்டாயம், கார் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

நம்மைப் போலவே இங்கும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் 1978 ஜூலை 30க்கு முன் ஒகினாவா முழுவதும் வலது பக்கம் ஓட்டியது. அமெரிக்க ஆட்சி 1972இல் முடிந்த பிறகும் ஆறு ஆண்டுகள் அப்படியே நீடித்து, பிறகு ஒரே நாளில் பக்கம் மாறியது. இஷிகாகி நகர நடுவில் '730' என்று பொறித்த கல் ஒன்று நிற்கிறது. அந்த நாளின் நினைவுதான் அது. படகுத்துறைக்குப் பக்கத்துச் சந்தி என்பதால் எப்படியும் அதைக் கடந்துதான் போவீர்கள். நகரத்துக்கு வெளியே மெதுவாக ஓட்டுங்கள். கொண்டையுள்ள பாம்புக் கழுகு ஒன்று இந்தத் தீவுகளில் வாழ்கிறது. இரை பொறுக்கச் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுவது அதற்கு வாடிக்கையாகிவிட்டது.

கபிரா வளைகுடா படத்தைப் பார்த்துத்தான் டிக்கெட்டே போட்டோம். அங்கே குளிக்கக் கூடாதாமே?

ஆமாம், கூடாது. அந்த வளைகுடா பார்க்கத்தான் குளம் மாதிரி அமைதி. குட்டித் தீவுகளுக்கு இடையே உள்ள குறுகிய வாய்களின் வழியாக ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கும்போது தண்ணீர் வேகமாக ஓடுகிறது. கண்ணாடி அடித்தளப் படகுகள் வேறு போய்வந்துகொண்டே இருக்கும். கருப்பு முத்து வளர்க்கும் இடமும் அதுதான்.

அதற்காகக் கபிராவை விட்டுவிட வேண்டாம். கண்ணாடிப் படகில் அரை மணி நேரம் போனால், நீச்சல் தெரியாத பாட்டி தாத்தாவும் பவளப்பாறையைக் கண்ணால் பார்த்துவிடலாம். எப்போது போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். படத்தில் பார்த்த அந்த நிறம் ஓதம் ஏறியிருக்கும்போது, வெயில் உச்சியில் நிற்கும்போது தெரிவது. ஓதம் இறங்கியபின் மாலையில் போனால் மணல்திட்டுதான் இருக்கும். ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் போனவர்கள்தான். கரையோரம் நின்று பார்ப்பதோடு பக்கத்து மேட்டிலுள்ள பார்வைத் தளத்துக்கும் ஏறிப் பாருங்கள்.

அப்போ எங்கேதான் இறங்குறது? எங்களுக்கு நீச்சல் தெரியாது, குழந்தையும் இருக்கு.

இரண்டு இடம் சொல்வேன். ஒன்று சுகுஜி, கபிராவிலிருந்து நடந்தே போகும் தூரம். வளைந்த நீளமான மணல், ரொம்ப தூரத்துக்கு ஆழமே இல்லை, பின்னால் மர நிழல், குளிக்க வசதி. கோடையில் ஜெல்லி மீன் வராமல் வலையும் கட்டுகிறார்கள். ஓதம் நன்றாக இறங்கிவிட்டால் முழங்காலளவுகூடத் தண்ணீர் இருக்காது, அவ்வளவுதான் குறை.

இன்னொன்று பக்கத்துத் தீவான தகெதோமியில் உள்ள கோந்தோய். இஷிகாகி படகுத்துறையிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் தகெதோமி வந்துவிடும், அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர். ஓதம் இறங்கும்போது கடலுக்கு நடுவே மணல்திட்டு எழும், அதுவரை நடந்தே போகலாம். காலடியில் கருப்பாகக் கிடப்பவை கடல் அட்டைகள். ஒன்றும் செய்யாது, மிதிக்காமல் நடந்தால் போதும். மீன் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் பிடிக்காது. வெறும் மணல் அடித்தளம், பவளம் இல்லை.

யோனெஹாராவில் கரையிலேயே பவளமும் மீனும் இருக்காமே, ஏன் எல்லாரும் பயமுறுத்துறாங்க?

பவளமும் மீனும் இருப்பது உண்மை. நடந்துபோய் முகத்தை நனைத்தாலே வண்ண மீன்கள் தெரியும். பயத்துக்கும் காரணம் உண்டு. இந்த இடத்தில் மூழ்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

கடலின் அமைப்பைப் புரிந்துகொண்டால் விஷயம் விளங்கும். கரையிலிருந்து சிறிது தூரத்தில் பவளப்பாறை ஒரு வரம்பாக ஓடுகிறது. வெளிக்கடல் அலை அந்த வரம்பைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே, அது வரம்பில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அதன் வழியாகத்தான் போகும். ஓதம் இறங்கும் நேரத்தில் மொத்தத் தண்ணீரும் அந்த ஒரு வாய்க்குள் பாயும். மேலே அலைகூட இருக்காது, அமைதியாகத்தான் தெரியும். கீழே மீனைப் பார்த்தபடி மிதக்கிறவர் தலையைத் தூக்கும்போது கரை தூரமாகியிருக்கும்.

அதனால் ஓதம் இறங்கும் நேரத்தில் இறங்காதீர்கள். மிதவை அங்கி இல்லாமல் ஒருபோதும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். வரம்பின் விளிம்பு வரை போகும் ஆசை வந்தால் வழிகாட்டியோடு போங்கள். இழுபட்டுவிட்டால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாக நகர்ந்து இழுவையை விட்டு விலகுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை அசையுங்கள். கரையில் இருப்பவர் அழைக்க வேண்டிய எண் 118, கடலோரக் காவல் படை. ஆம்புலன்சுக்கு 119.

ஓதம் எப்போ ஏறும், எப்போ இறங்கும்னு எப்படித் தெரியும்?

ஜப்பான் வானிலைத் துறை இஷிகாகிக்குத் தனி ஓத அட்டவணை வெளியிடுகிறது. தங்கும் விடுதியில் கேட்டாலும் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். பொதுவாக ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், நேரம் தினமும் முக்கால் மணி போலத் தள்ளிப்போகும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் அதிகம். வசந்தத்திலும் கோடையிலும் அந்த நாட்களில் நண்பகலை ஒட்டி ஓதம் அடிமட்டத்துக்கு இறங்கும். அதாவது, கபிராவின் நிறமும் வராது, சுகுஜியில் தண்ணீரும் இருக்காது, யோனெஹாராவில் காலை முழுதும் இழுவை இருக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் காலண்டரில் இதையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஒரு பயணம் நன்றாக அமைவதற்கு இதைவிடப் பெரிய யோசனை என்னிடம் இல்லை.

ஜெல்லி மீன் கடிச்சா என்ன செய்யணும்? வினிகர் ஊத்தலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கவனிக்க வேண்டியது ஹாபு ஜெல்லி மீன். நம் மீனவர்கள் சொறி என்று சொல்வார்களே, அந்த வகையில் கடும் விஷமுள்ளது. உடல் கைக்குள் அடங்கும் அளவு, கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும், கொடுக்கு இழைகள் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். முழங்கால் ஆழத்துக்கும் வந்துவிடும். ஒகினாவாவில் இதனால் உயிர் போனதுண்டு. பட்டால் தேய்க்காதீர்கள். கரையேறி வினிகரைத் தாராளமாக ஊற்றி, ஒட்டிய இழைகளை மெல்ல எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். நிர்வாகம் உள்ள கடற்கரைகளில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள்.

நீல நிறக் காற்றுப்பை மேலே மிதக்கும் இன்னொரு வகை உண்டு. அதற்கு வினிகர் ஊற்றக் கூடாது, கடல் தண்ணீரால் கழுவ வேண்டும். அடுத்து, கல்மீனும் கூம்புச் சங்கும். கல்மீன் பாறை மாதிரியே கிடக்கும், மிதித்தால் முள் செருப்பையும் துளைக்கும். கூம்புச் சங்கு அழகான ஓட்டோடு மணலில் கிடக்கும், கையில் எடுத்தால் விஷ ஊசியைக் குத்திவிடும். தண்ணீருக்குள் எதையும் தொடாமல் இருந்தாலே இந்த ஆபத்தில் பெரும்பகுதி தீர்ந்தது.

சுடிதாரோட கடல்ல இறங்கினா யாராவது ஏதாவது சொல்வாங்களா?

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒகினாவாக்காரர்களே டி-ஷர்ட்டோடுதான் கடலில் இறங்குகிறார்கள், அவ்வளவு வெயில். ஆனால் தளர்ந்த துணி நனைந்தால் காலைச் சுற்றும், ஆளை இழுக்கும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டையும் முழுநீளக் காற்சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் நல்லது, முன்பு சொன்ன ஜெல்லி மீனுக்கும் ஓரளவு தடுப்பு.

தகெதோமி ஊருக்குள் மட்டும் நீச்சல் உடையோடு நடக்காதீர்கள், அது அந்த ஊர்க்காரர்களின் வேண்டுகோள்.

பவளமெல்லாம் செத்துப்போச்சுன்னு படிச்சேன். இனி போய்ப் பார்க்க என்ன இருக்கு?

படித்தது பொய்யில்லை. இஷிகாகிக்கும் பக்கத்துத் தீவான இரியோமோதேவுக்கும் நடுவில் உள்ள செகிசே கடற்பரப்பு ஜப்பானின் மிகப் பெரிய பவளப்பாறைப் பகுதி. 2016 கோடையில் தண்ணீர் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன. சுமார் 70 சதவீதம் இறந்துவிட்டதாக ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆய்வு சொன்னது. 2022இலும் 2024இலும் மறுபடி வெளுத்தன. புயல் வந்தால் கடல் கலங்கிச் சூடு தணியும். புயல் குறைந்த ஆண்டுகளில் பவளத்துக்கு அந்த உதவியும் இல்லாமல் போகிறது.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை. தீவின் கிழக்கே ஷிராஹோ கடலில் நீலப் பவளம் பெரிய திரளாக நிற்கிறது. இன்றைக்கு அது இருப்பதற்குக் காரணம் அந்த ஊர் மக்கள். 1979இல் அறிவித்த விமான நிலையத் திட்டம் அந்தப் பவளத்தின் மேலேயே மண் கொட்டி ஓடுபாதை போடுவதாக இருந்தது. மீனவர்களும் ஊராரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் இடம் மாறியது. நீங்கள் வந்திறங்கும் விமான நிலையம் அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தரைப்பகுதியில் கட்டியது. ஷிராஹோவைப் பார்க்க உள்ளூர்ப் படகுக்காரரோடு போங்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். துடுப்புக் காலணி பட்டாலே கிளை ஒடிந்துவிடும், அது மறுபடி வளரப் பல ஆண்டு ஆகும்.

மாண்டா திருக்கையைப் பார்க்க டைவிங் தெரியணுமா?

கட்டாயமில்லை. கபிராவுக்கு வடக்கே இஷிசாகி முனைக்கு அப்பால், சிறு மீன்கள் மாண்டாவின் உடலைச் சுத்தம் செய்யும் பாறைகள் இருக்கின்றன. மாண்டாக்கள் அதற்காகவே வந்து சுற்றும். ஸ்நார்கெல் எனும் மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டு மேலிருந்தே பார்க்கும் படகுப் பயணங்கள் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் பார்க்கும் வாய்ப்பு அதிகம். அது திறந்த கடல் என்பதால் நீச்சல் தெரியாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தகெதோமியா, இரியோமோதேயா? ஒரு நாள்தான் இருக்கு.

வயதானவர்களோ சிறு குழந்தைகளோ கூட இருந்தால் தகெதோமி. சிவப்பு ஓட்டு வீடுகள், பவளக்கல் மதில், வெள்ளை மணல் தெரு, கூரை மேல் ஷீசா என்ற காவல் சிங்கம், எருமை வண்டி. காலையில் தெருவை நின்று கவனித்தால் மணலில் துடைப்பக் கோடுகள் தெரியும். ஊர்க்காரர்களே தங்கள் வீட்டு முன்னால் கூட்டுகிறார்கள். நிலத்தை வெளியாருக்கு விற்பதில்லை, ஊரைக் கெடுப்பதில்லை என்று 1986இல் தங்களுக்குள் ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். இந்தத் தெருக்கள் இப்படியே இருப்பது அதனால்தான். மரங்கள் அடர்ந்த தோப்புக்கு முன்னால் கல் வாசல் தெரிந்தால் உள்ளே போகாதீர்கள். நம் ஊர்க் கோயில்காடு மாதிரி, அது அவர்கள் கும்பிடும் இடம்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு இரியோமோதே. படகில் முக்கால் மணி நேரம். தீவு முழுக்கக் காடு, அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம், 55 மீட்டர் உயரப் பினாய்சாரா அருவி. உலகில் வேறெங்கும் இல்லாத இரியோமோதே காட்டுப்பூனை இங்கே சுமார் நூறு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் இது. அருவி போன்ற சில இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், வழிகாட்டியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

நட்சத்திர மணல் கொஞ்சம் எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். தகெதோமியின் கைஜி கடற்கரையில் உள்ளங்கையை மணலில் அழுத்தித் தூக்கிப் பாருங்கள், ஐந்தாறு முனையுள்ள குட்டி நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கும். அவை மணல் அல்ல, கடலில் வாழ்ந்த நுண்ணுயிரிகளின் ஓடு. பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிடுங்கள். ஆசையாக இருந்தால் சிறு புட்டியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். உடைந்த பவளத் துண்டையும் பெட்டியில் போடாதீர்கள், எடுப்பதற்கும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கும் சட்டத் தடை இருக்கிறது. கைஜியில் நீரோட்டம் வேகம், குளிக்க கோந்தோய்க்கே போங்கள்.

சைவம் சாப்பிடுறவங்க பட்டினி கிடக்கணுமா?

பட்டினி இல்லை, ஆனால் கடைக்குக் கடை விசாரிக்க வேண்டும். காய்கறி, டோஃபு என்று பெயர் இருந்தாலும் குழம்பில் உலர்மீன் சாறு இருக்கும். யாயேயாமா சோபா என்ற நூடுல்ஸ் பன்றி எலும்புச் சாற்றில் செய்வது. பாகற்காய் இங்கே தினசரிக் காய், ஆனால் டோஃபுவோடு வதக்கும்போது முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். அவற்றை விட்டுச் செய்துதரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வேர்க்கடலையில் செய்யும் ஜிமாமி டோஃபு, கடல் திராட்சை எனும் பாசி, ஊதாச் சர்க்கரைவள்ளி, அன்னாசி, மாம்பழம் எல்லாம் தாராளம். ஜிமாமி டோஃபு மேல் ஊற்றும் சாற்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுப்புள்ள அறை எடுத்து, அரிசியும் பருப்பும் கொண்டுபோய்விட்டால் நிம்மதி.

மேசையில் மிளகுத்தூள் மாதிரி ஒரு பொடி இருந்தால் தூவிப் பாருங்கள், திப்பிலி இனத்தைச் சேர்ந்தது. ஊர் மதில்களில் அந்தக் கொடி படர்ந்திருப்பதையும் பார்க்கலாம்.

மழை பிடிச்சுக்கிட்டா என்ன செய்யறது?

இஷிகாகி சுண்ணாம்புக் குகைக்குப் போங்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகையில் 660 மீட்டர் திறந்திருக்கிறது. ஒருகாலத்தில் கடலடியாக இருந்த இடம் என்பதால் சுவரில் சிப்பிகள் பதிந்திருக்கும். நகரத்தில் 1614இல் நிறுவிய தோரின்ஜி கோயிலும் 1819இல் கட்டிய மியாரா அதிகாரி மாளிகையும் உள்ளன.

மழை சற்று விட்டால் ஓஹாமாவில் உள்ள சுனாமிப் பாறையைப் பாருங்கள். 1771 ஏப்ரலில் வந்த சுனாமி யாயேயாமாவில் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஷிராஹோ ஊரே ஏறத்தாழ அழிந்தது. 2004க்குப் பிறகு நம் கடற்கரையில் யாருக்கும் அந்தப் பாறையின் முன்னால் விளக்கம் தேவைப்படாது.

ராத்திரி பார்க்க ஏதாவது இருக்கா?

வானம் இருக்கிறது. 2018இல் ஜப்பானிலேயே முதன்முதலாகச் சர்வதேச இருள் வானப் பூங்கா என்ற அங்கீகாரம் இந்தப் பகுதிக்குத்தான் கிடைத்தது. மேற்கே தள்ளி இருப்பதால் கோடையில் ஏழரைக்குத்தான் சூரியன் மறையும், இரவு உணவுக்குப் பிறகே கிளம்புங்கள்.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போகிறவர்கள் பன்னா பூங்காவின் மின்மினிகளைத் தவறவிடாதீர்கள். இருட்டத் தொடங்கியதும் காட்டின் தரைமட்டத்தில் ஒன்று, இரண்டு என்று மினுக்கி, சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் ஒரே துடிப்பாகப் படரும். அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கைபேசி விளக்கையும் கேமரா ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள், அந்த வெளிச்சம் பட்டால் அவை இணை தேடுவது தடைபடும்.

கடைசி நாள் காலையில டைவிங், மத்தியானம் விமானம். முடியுமா?

கூடாது. டைவிங்குக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். ஸ்நார்கெலுக்கு இந்தத் தடை இல்லை. எனவே டைவிங்கை முதல் நாட்களில் வைத்துக்கொண்டு, கடைசி நாளைக் காரில் வடக்கே ஹிராகுபோ கலங்கரை விளக்கம் வரை போய்வர விடுங்கள். வழியில் தமதோரிசாகி மேட்டில் நிறுத்தினால் வரம்புப் பாறையும் அதன் உடைப்புகளும் மேலிருந்து தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. புயல் மாதங்களில் ஊர் திரும்பும் சர்வதேச விமானத்தை அதே நாளில் போடாதீர்கள். புயல் வந்தால் படகுகள் முதலில் நிற்கும், பிறகு விமானம் நிற்கும். ஓய்ந்த பிறகும் காத்திருப்பவர்கள் வரிசை நீளமாக இருக்கும். நாஹாவிலோ டோக்கியோவிலோ ஒரு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள்.